கட்டிலுக்கு அடியில் மூணு மடிப்பு

சுழியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் அது பத்திரமாகத் தூங்குகிறது, யாரும் எழுப்புவதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், பதினேழு வயதில் நாரைப் பேனா கம்பெனியில் சேர்ந்தாள். வேலை ரொம்ப லேசு. பேனாவில் மை நிரப்ப வேண்டும், ஒரு சீட்டில் எட்டு வரி சுழி போட வேண்டும். நூல்கண்டைக் கழற்றி விட்ட மாதிரி, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று ஓடுகிற வளையங்கள். எட்டு வரியும் அறுபடாமல் ஓடினால் பேனா பெட்டிக்குப் போகும். நடுவில் அறுந்தால் வந்த வழியே திரும்பிப் போகும். “படிச்ச பொண்ணு இதுக்கு ஆகாது, பாதியில கடுதாசி எழுத ஆரம்பிச்சிடும்,” என்று சொல்லித்தான் மேஸ்திரி அவளை எடுத்தார்.

ஒரு நாளைக்கு இருநூறு பேனா, பதினாலு வருஷம். அந்தச் சுழியை எல்லாம் பிரித்து நீட்டினால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம் என்பது அவள் புருஷன் கணக்கு. பஸ் ஓட்டினவர். தூர விஷயத்தில் அவரோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது.

அதே கம்பெனியில் அவளுடைய அண்ணனும் இருந்தான். அவளைவிட ஐந்து வயது மூத்தவன், பத்து மடங்கு முறைப்பு. நிப்புக்கு அடியில் கருப்பாக ஒரு நாக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் ஒரு முடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கும். அந்த வழியாகத்தான் மை நிப்புக்கு இறங்கி வரும். அந்த வாய்க்கால் வெட்டுகிற மெஷின் அண்ணன் கையில். அவன் வெட்டினால் பேனா எழுதிக்கொண்டே இருக்கும், மழைக்காலத்து ஓடை மாதிரி. கடைக்காரர்கள் கடிதம் போட்டுப் பாராட்டினார்கள். பெரிய முதலாளி தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினார். அன்றிலிருந்து அவனுக்குப் பேர் ராசிக்கை.

அப்புறம் ஊரெல்லாம் பால் பாயின்ட் பேனாவுக்கு மாறியது. பெரிய முதலாளி போனார், கம்பெனியும் பின்னாலேயே போனது. சுழியக்கா மாத்திரை அட்டை அடைத்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், ஜெராக்ஸ் கடையில் நின்றாள். அண்ணன் ஒரு கதவுக் கடையில் தாழ்ப்பாள் மாட்டினான். ஆனாலும் கடிகாரத்தைக் கழற்றவில்லை. எந்த வீட்டுக்குக் கதவு மாட்டப் போனாலும், “இந்தக் கை யாரோட கை தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவான். கதவு மாட்டி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார்.

இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு பையன் வந்தான். செல்போனுக்கு உறை விற்றுப் பிழைத்தவன். நாரை என்ற பேரை வாங்கிவிட்டான், கூடவே பழைய ஷெட்டையும் வாடகைக்குப் பிடித்துவிட்டான். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் மெஷின்கள் அப்படியே இருந்தன. பழைய ஆட்களைத் தேடியதில் உயிரோடும் கண்பார்வையோடும் கிடைத்தது இரண்டே பேர்: ராசிக்கையும் சுழியும். புதிதாக ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டான். முதலாளி என்று கூப்பிட வயசு போதாது, தம்பி என்று கூப்பிடச் சம்பளம் தருகிறவன். ஆகவே அவன் முதலாளித் தம்பி ஆனான்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பேனாவின் உடம்பைக் கடைந்தார்கள், மெருகு போட்டார்கள், கிளிப்பில் நாரை மூக்கு நீட்டி நின்றது. பார்த்தால் பழைய பேனாவின் உடன்பிறப்பு. எழுதினால்தான் தெரியும், ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை என்று.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குச் சுழியக்கா நாற்பதாவது பேனாவைக் கையில் எடுத்தாள். முதல் வரி ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது வரியில் பாதி போனதும் சுழி வெளிறியது, இரண்டாகக் கிழிந்தது, அப்புறம் வெறும் கீறல்.

பின்னால் நின்ற முதலாளித் தம்பி கட்டை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். “இதுவுமாக்கா?”

“இதுவும்தான். மூணாவது வரி.”

“எல்லாமே மூணாவது வரியிலதான் நிக்குது.”

“ஒத்துமையா இருக்குதுங்க. நம்ம வீட்டுல இப்படி இருந்தா கோயில் கட்டலாம்.”

அவன் சிரிக்கவில்லை. பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வருகிறார். பழைய பேனா சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்கு அவர்தான் தலைவர். வந்து, ஒரு பேனாவை எடுத்து, ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்ப்பார். அவர் தலையாட்டினால் சங்கத்தில் நானூறு பேர் வாங்குவார்கள். ஆட்டாவிட்டால், பேரை மட்டும் ஒட்டிய போலி என்று தங்கள் பத்திரிகையில் எழுதிவிடுவார். இதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகள் செத்த பேனாவை எழுப்பப் போய், அவர் எழுதிய ஒரே பக்கத்தில் மறுபடி செத்திருக்கின்றன. இந்த ஷெட்டின் சாவியை மாதக் கடைசியில் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க,” என்று குரலைத் தாழ்த்தினான். “ஐயாவுக்கு வயசாயிடுச்சு. கை முன்ன மாதிரி இல்லையோன்னு... டாக்டர்கிட்ட ரெண்டு வாரம் கேட்டுப் பாக்கறேன். அதுக்குள்ள நாக்கை மட்டும் வெளியில கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டச் சொல்லிடலாம். வரைபடம் இருக்குல்ல. ஐயா கேட் பக்கம் உட்காரட்டும். மரியாதையா.”

கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் ஒன்று வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. அந்தச் செருப்புச் சத்தத்தைச் சுழியக்காவுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

அவள் காய்ந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த ஷெட்டில் பேனா ஏன் காய்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அண்ணன் கையில் ஒரு கோளாறும் இல்லை. முன்பு அதில் ஒரு ராசியும் இருந்ததில்லை.

முப்பத்தேழு வருஷத்துக்கு முந்திய கதை அது. அப்போது நாரைப் பேனா ஒன்றும் பிரமாதமாக எழுதாது. பெரும்பாலும் மூன்றாவது வரியில் காயும். சுழியின் மேஜையிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பிப் போகும். வரைபடம் போட்டவர் பெரிய முதலாளி. வாய்க்கால் இவ்வளவுதான் ஆழம் என்று அளவு சொல்லி, ஆழம் வைக்கிற திருகாணியை யாரும் தொடக்கூடாது என்று அதன் தலையில் ஈயம் காய்ச்சி ஊற்றியவரும் அவரே. அளவு தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் நாக்கு இல்லை.

அந்தச் சமயத்தில் அண்ணன் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்தான். பெண்கள் மெஷினைத் தொடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வேலை தேங்கியதும் மேஸ்திரி சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சுழியை மெஷினில் உட்காரவைத்தார். நாக்கைப் படுக்கவைத்து இறுக்குகிற சின்ன இரும்பு மேடைக்கு அங்கே கட்டில் என்று பேர். அந்தக் கட்டில் லொடலொடவென்று ஆடியது. ஆடுகிற மேஜைக்குக் காலில் காகிதம் வைப்போமே, அதே மாதிரி அவள் தன் சுழிச் சீட்டு ஒன்றை மடித்துக் கட்டிலுக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது. அவளுக்குத் தெரியாமல் வேறொன்றும் நடந்தது. காகித உயரத்துக்குக் கட்டில் எழும்பியது, நாக்கு பிளேடுக்கு அவ்வளவு கிட்டே போனது, வாய்க்கால் அவ்வளவு ஆழமானது.

அண்ணன் எழுந்து வேலைக்கு வந்தான். காகிதத்தை எடுக்க மறந்திருந்தாள். ஒரு மாதத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. காமாலையில் விழுந்த கை ராசியோடு எழுந்தது என்றார்கள். அவளுக்கு விஷயம் பிடிபட்டபோது கடிகாரம் ஏற்கனவே அண்ணன் கையில் ஏறிவிட்டது. முதலில் வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை. அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அதுவே பழகிப்போனது, செருப்புக்குள் இருக்கும் சின்னக் கல் மாதிரி.

எட்டு மாதத்துக்கு முன் முதலாளித் தம்பி ஆசையாக மெஷினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பச்சை பெயின்ட் அடித்து, போல்ட்டெல்லாம் இறுக்கி மாட்டினான். குப்பையோடு குப்பையாகக் காகிதம் போயிருக்கும். முதல் பேனா காய்ந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் இல்லாத நேரத்தில் ஒரு சீட்டைச் சொருகிவிடலாம் என்று ஒரு வாரமாக நோட்டம் பார்த்தாள். ஆனால் அவன் மெஷினை விட்டு நகர்ந்தால்தானே? கை கெட்டுப்போச்சோ என்ற பயத்தில் சாப்பாட்டைக்கூட அங்கேயே வைத்துச் சாப்பிட்டான்.

இப்போது கம்ப்யூட்டர் மெஷினாம். அதே வரைபடத்தைக் கொடுத்தால் அதுவும் அதே வறட்சியைத்தான் வெட்டப் போகிறது, இன்னும் சுத்தமாக.

அவள் மெஷின் அறைக்குள் போனபோது அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒரு புதுப் பேனா பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. முப்பத்தைந்து வருஷம் அவன் சட்டைப் பையில் குடியிருந்த பழைய நாரை. அதன் நாக்கைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே பண்றே?”

“கதவைச் சாத்து.”

சாத்தினாள்.

“இந்தப் பழைய நாக்கைப் புதுப் பேனாவுல போடறேன். டாக்டர் எழுதறதுக்கு இதை நீட்டிடு. நீதானே பாஸ் பண்றவ. சீட்டுல சுழி போட்டுக் குடு.”

“அப்போ மத்த நானூறு பேருக்கு?”

“அதுக்குள்ள என் கை திரும்பிடும்.”

“திரும்பலேன்னா?”

“திரும்பும்டி!” கத்திவிட்டு உடனே குரல் இறங்கினான். “கேட்ல உட்காரச் சொல்றான், கேட்டியா? மரியாதையாவாம். மெஷின்லேர்ந்து என்னை எழுப்பிட்டா நான் யாரு சொல்லு. தாழ்ப்பாள் மாட்டறவன்.” குறட்டால் நாக்கை மறுபடி பற்றினான். “ராத்திரி படுத்தா கையையே பாத்துக்கிட்டு இருக்கேன். இருந்தது எங்க போச்சுன்னு தெரியல.”

சுழியக்கா பதினாலு வருஷத்தில் காய்ந்த பேனா ஒன்றைக்கூடப் பெட்டிக்கு அனுப்பியதில்லை. அது பெரிய கொள்கையெல்லாம் இல்லை, பாதியில் அறுந்த சுழியைப் பார்த்தால் அவளுக்குப் பல் கூசும், அவ்வளவுதான். ஆனால் இப்போது அவளைப் பேசவைத்தது அது இல்லை. தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு இந்த மனுஷன் படுத்துக் கிடந்திருக்கிறான், அவள் வாயில் பூட்டு போட்டுக்கொண்டிருந்த ஒரே காரணத்தால்.

“உன் கைக்கு ஒண்ணும் ஆகலண்ணே,” என்றாள். “அங்க ஒரு காகிதம் இருந்துச்சு.”

“எங்க?”

“கட்டிலுக்கு அடியில. நீ காமாலையில படுத்தப்ப நான்தான் வெச்சேன். ஆடாம இருக்கட்டும்னு. அதுல கட்டில் எழும்பி வாய்க்கால் ஆழமாச்சு. தம்பி கழுவினப்ப காகிதம் போயிடுச்சு.”

அண்ணன் குறட்டைக் கீழே வைத்தான். சத்தமே வராமல் வைத்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“காமாலைக்கு முன்னாடி மூணாவது வரியில காயும்,” என்றான் மெதுவாக, யாருக்கோ சாட்சி சொல்கிறவன் மாதிரி.

“ஆமா.”

“பின்னாடி காயல.”

“ஆமாண்ணே.”

“அப்போ இது?” கடிகாரக் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் நாக்கு வெட்டிய தூள் கருப்பாகக் கிடந்தது.

“முப்பத்தேழு வருஷமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்,” என்றான். “நீ பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கே.”

“சிரிக்கலண்ணே.”

“உள்ளுக்குள்ள.”

“சத்தியமா இல்ல. கொஞ்சம் கொட்டாவி விட்டிருப்பேன். நீ சொல்றது நீளம்.”

வேறொரு நாளாக இருந்தால் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். இப்போது அவன் முகம் சுவர் மாதிரி இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஒன்பதே முக்கால் என்றது. அவன் எழுந்து ஸ்பேனரை எடுத்தான். கட்டிலின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினான்.

“வை,” என்றான். “எத்தனை மடிப்பு?”

அங்கேதான் பூதம் கிளம்பியது. எத்தனை மடிப்பு? ஆடுகிற மேஜைக்குக் காகிதம் வைக்கிறவள் கணக்கா வைத்திருப்பாள்? இரண்டா, மூன்றா, நாலா, அவளுக்கு ஞாபகமே இல்லை.

“ரெண்டு போடலாம்.”

இரண்டாக மடித்து வைத்தாள். அண்ணன் இறுக்கினான், நாக்கைப் படுக்கவைத்தான், பிளேடைச் சுற்றவிட்டு இறக்கினான். வெட்டி, தூளைக் கழுவி, துடைத்து, நிப்பைச் சேர்த்து, பேனாவில் ஏற்றி, மை நிரப்பி அவள் கையில் கொடுக்க இருபது நிமிஷம். அவள் எழுதினாள். மூன்றாவது வரி தாண்டியது. நாலு. ஐந்து. ஆறாவது வரியில் அறுந்தது.

“நாலு,” என்றான் அண்ணன்.

நாலாக மடித்தாள். மறுபடி இருபது நிமிஷம். இந்தத் தடவை நிப்பு காகிதத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே மை அவள் மணிக்கட்டில் சொட்டியது. சுழி போட்டால் குளம் கட்டியது. குழந்தைக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு பேனா.

கதவு திறந்தது. முதலாளித் தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். நெற்றியெல்லாம் வேர்வை. “டாக்டர் வந்துட்டாரு. அரை மணி முன்னாடியே. டீ குடுத்திருக்கேன். இங்க என்ன நடக்குது?”

“டீயைச் சூடா குடுத்தீங்களா, ஆறிப்போய்க் குடுத்தீங்களா?” என்றாள் சுழியக்கா.

“சூடா.”

“நல்லது. ஊதி ஊதிக் குடிப்பாரு. போங்க.”

மூன்றாக மடித்தாள், கடிதத்தை உறையில் போட மடிப்பதுபோல. அண்ணன் போல்ட்டை இறுக்கினான். பிளேடு கீச்சென்று நாக்குக்குள் இறங்கியது. கழுவும்போது அவன் விரல் நடுங்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். இன்னமும் அது நல்ல கைதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்தாவது வரியில் அவள் மூச்சுவிடவில்லை. ஆறு. ஏழு. எட்டாவது வரியின் கடைசிச் சுழி முதல் சுழி மாதிரியே ஈரமாகப் பளபளத்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து காகிதத்தின் ஒரு முனை நாய் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் நகத்தால் உள்ளே தள்ளப் போனாள்.

அதற்குள் முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. “பேனாவை எல்லாம் பாக்கலாமா?” என்று ஒரு கணீர்க் குரல்.

இரண்டு பேரும் ஓடினார்கள். எழுதுகிற பேனா உலகத்தில் ஒன்றே ஒன்று, சுழியக்காவின் கைக்குள். மேஜையில் வெல்வெட் விரித்த தட்டில் அழகாக அடுக்கியிருந்த நாற்பதும் காய்ந்தவை. பல் டாக்டர் வாட்டசாட்டமான மனிதர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தட்டின்மேல் குனிந்திருந்தார்.

“இதை எழுதிப் பாருங்க டாக்டர்,” என்று சுழியக்கா தன் கையிலிருந்ததை நீட்டினாள்.

அவர் நிமிர்ந்தார். “நீங்க எடுத்துத் தர்ற பல்லை நான் பாக்கறதில்லம்மா. நானே வாயைத் திறந்து பாப்பேன்.” தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். மை புட்டியைத் திறந்தார். மடியில் வெள்ளைத்தாள் கட்டு.

முதலாளித் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். சுழியக்காவுக்கு ஒரு குறும்பு தோன்றியது: மை புட்டியைத் தட்டிவிட்டு, ஐயோ என்று சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கலாட்டா பண்ணிவிடலாம். எல்லாரும் துடைப்பதற்குள் பேனாவை மாற்றிவிடலாம். சின்ன வயதில் இதைவிடப் பெரிசு பண்ணியவள். கை நீண்டேவிட்டது.

“அதுல எழுதாதீங்க டாக்டர்,” என்றான் அண்ணன்.

“ஏன்?”

“காஞ்சிடும். மூணாவது வரியில.”

முதலாளித் தம்பி கண்ணைத் திறந்தான்; மறுபடி மூடிக்கொண்டான்.

“தட்டுல இருக்கறது எல்லாமே காயும்,” என்று அண்ணன் தொடர்ந்தான். “எழுதற பேனா எப்படின்னு இப்பத்தான் தெரிஞ்சுது. வெட்டாத நாக்கு ஒண்ணை நீங்களே எடுங்க. உங்க கண்ணு முன்னாடி வெட்டித் தர்றேன். அதுல எழுதிட்டு என்ன வேணா எழுதிக்கோங்க உங்க பத்திரிகையில.”

டாக்டர் பேனாவை வைத்தார். “நீங்கதான் அந்த ராசிக்கையா? உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்.”

அண்ணன் முன்னால் நடந்தான்.

மெஷின் அறையில் டாக்டர் குனிந்து பார்த்தார். கழுத்து ஒடிகிற அளவு குனிந்தார். பல் பார்க்கிற கண் எதையும் விடுமா?

“அது என்ன, பேப்பர் மாதிரி? கட்டிலுக்குக் கீழ?”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுழியக்கா அண்ணனைப் பார்க்கவில்லை, அவன் கடிகாரத்தைப் பார்த்தாள். அழுக்கு என்று அவன் சொல்லலாம். பழைய ஆட்கள் ஆயிரம் வித்தை வைத்திருப்போம் என்று கண்ணடிக்கலாம். சொன்னால் அவள் ஆமாம் போட்டுவிடுவாள், ஆயுசுக்கும். நொடிமுள் நகர்ந்தது. அவள் மனசுக்குள், சொல்லிடாதே என்று ஒரு குரலும் சொல்லிடு என்று ஒரு குரலும் ஒரே நேரத்தில் கேட்டன.

“என் தங்கச்சி வெச்ச காகிதம்,” என்றான் அண்ணன். “அப்பவும் அவ வெச்சதுதான். அதுலதான் பேனா எழுதிச்சு. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.” பிளேடை இறக்கினான். “ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கைப்பிடியைச் சுத்தினவன்.”

டாக்டர் முதலில் அண்ணனையும், பிறகு சுழியக்காவையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். அதில் நீல நிறத்தில் மெல்லிசாகத் துண்டுத் துண்டாகக் காகிதம் ஒட்டியிருந்தது.

“இது என்ன தெரியுமா? பல் கட்டினதும் இதைக் கடிக்கக் குடுப்பேன். முடி அளவு உயரம் தப்பினாலும் மனுஷன் சோறு திங்க மாட்டான்.” கட்டிலைக் காட்டினார். “எத்தனை மடிப்பு?”

“மூணு,” என்றாள் சுழியக்கா.

“சுழி போட்டுப் பாத்துக் குடுங்க.”

அண்ணன் வெட்டின நாக்கைக் கழுவிப் பேனாவில் ஏற்றிக் கொடுத்தான், அவள் எட்டு வரி போட்டு டாக்டரிடம் நீட்டினாள். அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் என்று சொல்லியிருந்தார். பக்கம் முடிந்து தாளைத் திருப்பினார். முதலாளித் தம்பி சுவரில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்பக்கமும் முடிந்தபோது டாக்டர் பேனாவை மூடினார், ஆனால் திருப்பித் தரவில்லை. தன் பையில் செருகிக்கொண்டார்.

“தட்டுல இருக்கறது ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது,” என்றார் முதலாளித் தம்பியிடம். “எல்லாத்துக்கும் நாக்கை மாத்துங்க. வெளியில எங்கயும் வெட்டக் குடுக்காதீங்க. இங்கயே, இவரே, அந்தக் காகிதத்தோடயே. பத்திரிகையில அதையும் சேர்த்து எழுதுவேன்.”

சாவி மாதக் கடைசியில் யாருக்கும் திரும்பிப் போகவில்லை.

ஆனால் வெளியாளிடம் உண்மையைச் சொன்ன அண்ணன் வீட்டாளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். காலையில் வருவான், வெட்டுவான், நாக்குகளை ஒரு டப்பாவில் போட்டு அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். “அண்ணே, டீ” என்றால் டீயை மட்டும் எடுத்துக்கொள்வான். கையில் கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் பட்டையாக வெளுத்த தோல், கட்டு பிரித்த காயம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அவள் வீட்டுக்கு வருவது முப்பது வருஷப் பழக்கம். வரவில்லை. அவனுக்கென்று போட்ட தட்டைப் பார்த்துவிட்டு அவள் புருஷன், “விடு, ரிவர்ஸ் எடுக்கற வண்டிக்கு நேரமாகும்,” என்றார். அவள் அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பேசாமலே இருந்திருக்கலாமோ என்று எட்டு வரிக்கு எட்டுத் தடவை நினைத்துக்கொண்டே சுழி போட்டாள்.

பதினோராவது நாள் மெஷின் அறையிலிருந்து குரல் வந்தது. “ஏய், சுழி.”

ஓடியேவிட்டாள். போய் நின்றபின்தான் நடந்து வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கட்டிலைத் தளர்த்தியிருந்தான். “காகிதம் நைஞ்சுபோச்சு. மடிச்சுக் குடு.”

“நீயே மடிக்கறது. மூணு மடிப்புக்கு ஆள் வேணுமா?”

“எனக்குக் கைராசி கிடையாது. ஊருக்கே தெரியும், பத்திரிகையில போட்டிருக்கான்.”

அவள் தன் சுழிச் சீட்டு ஒன்றை மூன்றாக மடித்தாள். குனிந்து சொருகும்போதுதான் பார்த்தாள்: நாக்கைக் கட்டிலில் இறுக்குகிற இரும்புக் கைப்பிடியில், பச்சை பெயின்டின் மேல், பெரிய முதலாளியின் கடிகாரம் வார் இறுக்கிக் கட்டியிருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது.

“இது என்னண்ணே?”

“எதுக்காகக் கிடைச்சுதோ அதுக்கே கட்டிட்டேன்.”

“அப்போ எனக்குத்தானே வரணும்?”

அண்ணன் போல்ட்டை இறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். “உனக்கு எதுக்கு கடிகாரம்? ஒரு வார்த்தை சொல்ல முப்பத்தேழு வருஷம் லேட்டா வந்தவளுக்கு.”

பிளேடைச் சுற்றவிட்டான். அவள் நகராமல் நின்றாள். முதல் நாக்கை வெட்டிக் கழுவி, டப்பாவில் போடாமல் அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“போ, எழுதிப் பாரு. அப்புறம் ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பாடுன்னு உன் புருஷனைக் கேட்டுச் சொல்லு. அவராவது நேரத்துக்கு வண்டி எடுத்த மனுஷன்.”